முதல் கம்பி ஏன் அறுந்தது? கிட்டார் சுருதி பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். ஊர் தேவகோட்டை. சிறுவயதில் நான்கு வருடம் வாய்ப்பாட்டு கற்றிருக்கிறீர்கள், ஒன்றரைக் கட்டையில் பாடுவீர்கள். போன மாதம் ஒரு கிட்டார் வாங்கினீர்கள். செல்போனில் டியூனர் ஆப்பைத் திறந்ததும் அதன் தலையில் 440 என்று ஓர் எண் இருந்தது. கம்பி அந்த எண்ணுக்கு வரவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, முதல் கம்பியை முறுக்கிக்கொண்டே போனீர்கள். படாரென்று அறுந்தது. புதுக் கம்பி மாட்டி மறுபடியும் முறுக்கினீர்கள், அதுவும் போய்விட்டது. கம்பி மட்டமா, இன்னும் மெல்லிசாகப் போட்டால் தாங்குமா என்பது முதல் கேள்வி. ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று எதற்காக வைத்தார்கள், ஈ ஏன் இரண்டு, பேசாமல் வீணை மாதிரி ச ப ச என்று வைத்துக்கொண்டால் என்ன என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான். நீங்கள் கற்ற பாட்டில் 'ச' ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஒன்றரைக் கட்டையில் பாடினால் அங்கே ச, ஐந்து கட்டையில் பாடினால் அங்கே ச. கிட்டாரின் எழுத்துகள் அப்படி நகராதவை. ஈ என்றால் யார் வாசித்தாலும் அதே உயரம்தான். ச ரி க ம ஒரு சுரத்துக்கும் இன்னொரு சுரத்துக்கும் உள்ள தூரத்தைச் சொல்கிறது, ஈ ஏ டி ஜி ஒவ்வொரு சுரமும் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. உங்கள் காது முதல் மொழியில் தேர்ந்தது, டியூனர் இரண்டாவது மொழியில் மட்டும் பேசுகிறது. நான் எட்டு வருடம் மெல்லிசைக் குழுவில் வாசித்துவிட்டு, அதற்கப்புறம் காரைக்குடியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கிட்டார் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாட்டு கற்றுவிட்டு வருகிற பிள்ளைகள் எல்லோரும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்வார்கள். பாட்டே தெரியாமல் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களுக்கு வேறு தொல்லை.

440-இலிருந்து தொடங்குவோம். ஒரு பொருள் ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் சுருதியின் உயரம். நொடிக்கு 440 முறை அதிர்ந்தால் அந்தச் சுரத்துக்கு ஏ என்று பெயர் என்பது ஓர் உடன்பாடு. 1939-இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் அதை ஒத்துக்கொண்டார்கள், 1955-இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் அதையே பரிந்துரைத்தது. அதற்கு முன் ஐரோப்பாவில் ஊருக்கு ஒரு ஏ இருந்தது. ஆக ஆப்பின் தலையில் இருக்கும் 440 ஒரு அளவுகோல். எந்த அளவுகோலை வைத்து அளக்கிறேன் என்று ஆப் உங்களுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். துணிக்கடைக்காரர் கையில் மீட்டர் கோல் இருப்பதால் எல்லாச் சட்டைக்கும் ஒரு மீட்டர் என்று அர்த்தமில்லையே. கிட்டாரின் ஆறு கம்பிகளில் எதுவுமே திறந்த நிலையில் (விரல் வைக்காமல் சும்மா மீட்டும்போது) 440-இல் ஒலிப்பதில்லை. தடித்த ஆறாவது கம்பியிலிருந்து வரிசையாக: ஈ 82.4, ஏ 110, டி 146.8, ஜி 196, பி 246.9, கடைசியாக மெல்லிய முதல் கம்பி ஈ 329.6. அந்த 440 எங்கே இருக்கிறது என்றால், முதல் கம்பியின் ஐந்தாவது மெட்டில் விரல் வைத்து மீட்டினால் வருகிறது. விரல் வைத்து எடுக்க வேண்டிய சுரத்தை நீங்கள் முறுக்கியே எடுக்கப் பார்த்தீர்கள்.

(கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கோடுகளைத்தான் மெட்டு என்று எழுதுகிறேன். கிட்டார்காரர்கள் ஃப்ரெட் என்பார்கள். வீணைக்குப் பழகிய ஊரில் மெட்டு என்றால் சட்டென்று புரிகிறது. இரண்டு கருவியிலும் ஒரு மெட்டு தள்ளினால் ஏறுவது ஒரே அளவுதான், ஆர்மோனியத்தில் வெள்ளை கறுப்பு பார்க்காமல் பக்கத்துக் கட்டைக்குப் போவது மாதிரி.)

கம்பி மட்டமா என்றால், இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரு கம்பியின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, எடை. பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் 1636-இல் வெளியிட்ட நூலிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி இரண்டு மடங்காகும், அதாவது ஒரு ஸ்தாயி ஏறும். பன்னிரண்டாவது மெட்டு கம்பியின் சரிபாதியில் இருப்பது அதனால்தான், ஒரு டேப்பை வைத்து அளந்து பாருங்கள். ஆனால் முறுக்குவதில் கணக்கு இவ்வளவு தாராளமாக இல்லை. முறுக்கியே ஒரு ஸ்தாயி ஏற்ற வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். சாதாரண எஃகுக் கம்பிக் கிட்டாரில் 0.012 அங்குல முதல் கம்பி ஈ-இல் நிற்கும்போது ஏறக்குறைய 10.5 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற இழுப்பில் இருக்கிறது. அதை 440-க்கு, அதாவது ஐந்து மெட்டு மேலே, கொண்டுபோனால் இழுப்பு 18.5 கிலோவைத் தாண்டும். அந்தத் தடிமனில் நல்ல எஃகுக் கம்பியே அறுகிற எல்லை கிட்டத்தட்ட அதுதான். நீங்கள் இரண்டு முறையும் கம்பியை மிகச் சரியாக அதன் எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள்.

மெல்லிசாகப் போட்டால் தாங்குமா என்று கேட்டீர்கள். தாங்காது, இதுதான் பலருக்கு நம்ப முடியாத விஷயம். மெல்லிய கம்பிக்கு அதே சுருதிக்கு வர இழுவிசை குறைவாகப் போதும், உண்மை. ஆனால் அதன் தாங்கும் சக்தியும் அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுவதால், ஒரே உலோகம், ஒரே நீளம் என்றால் தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும் ஏறத்தாழ ஒரே சுருதியில்தான் அறும். அதனால் 0.010 வாங்கி மாட்டினாலும் 440-க்குப் போனால் அதே கதைதான். மெல்லிய கம்பி விரலுக்குச் சுகமாக இருக்கும் என்பது வேறு விஷயம், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நானே அதைத்தான் போடச் சொல்கிறேன். இன்னொன்று, ஆறு கம்பிகளும் சேர்ந்து அந்த மரப்பெட்டியை 70 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன, ஓர் ஆள் ஏறி நிற்பது மாதிரி. இவ்வளவு இழுப்பைத் தாங்குவதற்காகச் செய்யப்படாத நைலான் கம்பிக் கிட்டாரில் எஃகுக் கம்பி மாட்டினால் குதிரை (பெட்டியின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாலம்) பெயர்ந்து வந்துவிடும். உங்கள் கிட்டார் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. முதல் மூன்று கம்பிகள் மீன்பிடி நரம்பு மாதிரி கண்ணாடியாக இருந்தால் அது நைலான். அப்படியென்றால் நான் மேலே சொன்ன கிலோ கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, சுருதிகள் மட்டும் அதேதான்.

சரி, இந்த எழுத்துகளை உங்கள் மொழிக்குக் கொண்டுவருவோம். ஆர்மோனியத்தில் ஒன்று என்பது சி. இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள்தான் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு கிடையாது, ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. அதனால் மூன்றரைக் கட்டை, ஏழரைக் கட்டை என்று யாரும் பாடுவதில்லை. (ஏழரை என்றால் நம் ஊரில் வேறு ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.) ஆக கிட்டாரின் ஆறு கம்பிகள் தடித்ததிலிருந்து மெல்லியது வரை மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து, ஏழு, மூன்று. போன் நம்பரை மனப்பாடம் செய்வது போல 362573 என்று என் மாணவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். எண்ணும்போது மட்டும் மெல்லியதுதான் முதல் கம்பி. கிட்டாரை மடியில் வைத்தால் அது கீழே, தரைப் பக்கம் இருக்கும், ஆனால் சுருதியில் அதுதான் மேலே. 'மேல் கம்பி' என்று யாராவது சொன்னால் எந்த மேல் என்று கேட்டுவிடுங்கள், இதில் ஆசிரியர்களே குழப்புவார்கள்.

மூன்று கட்டை இரண்டு இடத்தில் வருகிறதே என்றால், இதைப் புரிந்துகொள்ள செட்டிநாட்டைவிட நல்ல ஊர் கிடையாது. நகரத்தார் வீடுகளில் மூத்த பேரனுக்கு ஐயா, அதாவது தாத்தா, பெயரைத்தான் வைப்பார்கள். ஒரே வளவில் ஒரே பெயரில் எழுபது வயதுக்காரர் ஒருவர், ஏழு வயதுப் பையன் ஒருவன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று சந்தேகம் வரும், ஆனால் இருவரும் ஒருவர் ஆகமாட்டார்கள். ஆறாவது கம்பி ஐயா, முதல் கம்பி பேரன். 82.4-ஐ நான்கால் பெருக்கினால் 329.6. இரண்டு முறை இரட்டிப்பாகிறது, அதாவது இரண்டு ஸ்தாயி தள்ளி. நடுவில் ஒரு தலைமுறை இருக்க வேண்டுமே என்றால் இருக்கிறது, அந்த ஈ திறந்த கம்பியாக இல்லாமல் நான்காவது கம்பியின் இரண்டாவது மெட்டில் ஒளிந்திருக்கிறது. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டிக் கேளுங்கள். ஒரே குரலை ஒரு கிழவர், ஒரு நடுவயதுக்காரர், ஒரு பையன் எடுத்த மாதிரி இருக்கும்.

டியூனரின் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது. பல ஆப்கள் பெயரை மட்டும் காட்டும், தலைமுறையைக் காட்டாது. புதிதாக மாட்டிய முதல் கம்பி இன்னும் தொளதொளவென்று இருக்கும்போதே ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஈ வந்துவிடும், ஆப்பும் பச்சை காட்டிவிடும். நம்பி நிறுத்திவிட்டால் கம்பி மெட்டில் அடித்துக்கொண்டு கரகரக்கும். மறுபக்கம், சுருதி கொஞ்சம் ஏறி எஃப் என்று காட்டும்போது, இறக்குவதற்குப் பதிலாக 'ஈ இன்னும் மேலே எங்கேயோ இருக்கிறது' என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் உங்கள் கதிதான். அதனால் கீயைத் திருகுவதற்கு முன், வரவேண்டிய சுரத்தை ஒரு முறை காதால் கேட்டுக்கொள்ளுங்கள். யூடியூபில் ஆறு கம்பியின் ஒலியும் தனித்தனியாகக் கிடைக்கும், ஆர்மோனியம் இருந்தால் இன்னும் நல்லது. வாயால் அந்தச் சுரத்தைப் பாடிக்கொண்டு கம்பியை அதை நோக்கிக் கொண்டுவாருங்கள். நான்கு வருடம் சரளி வரிசை பாடியது இங்கே காசாகும். பக்கத்தில் வந்துவிட்டது என்று காது சொன்ன பிறகு, கடைசி நூலளவுக்கு மட்டும் ஆப்பைப் பாருங்கள்.

இனி ஏன் இந்த வரிசை என்பது. தடித்த கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு ஐந்து மெட்டு தூரம். உங்கள் மொழியில் சொன்னால், ஆறாவது கம்பியை ச என்று வைத்தால் ஐந்தாவது கம்பி சுத்த மத்யமம். ஐந்தாவதைச் ச என்று வைத்தால் நான்காவது ம. நான்கிலிருந்து மூன்றும் அப்படியே. மூன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் நான்கு மெட்டு, அதாவது ச–ம அல்ல, ச–அந்தர காந்தாரம். பிறகு இரண்டிலிருந்து ஒன்றுக்கு மறுபடி ச–ம. ஏன் மத்யமம் என்பதற்குப் பதில் உங்கள் இடது கையில் இருக்கிறது. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் போய்விட்டால் மிச்சம் நான்கு விரல். திறந்த கம்பி ஒன்று, நான்கு விரலுக்கு நான்கு மெட்டு, ஆக ஐந்து சுரங்கள் கை நகராமல் கிடைக்கின்றன. ஆறாவது சுரம் அடுத்த கம்பியில் திறந்தபடி காத்திருக்கிறது. வயலினில் கம்பிக்குக் கம்பி பஞ்சம தூரம், ஏழு மெட்டு அளவு. அதன் கம்பி குட்டையாக இருப்பதால் விரல் எட்டும். கிட்டாரில் கம்பி 65 சென்டிமீட்டர், அதே தூரத்தை எட்டுவதற்கு விரல் கிழிந்துவிடும்.

அப்படியானால் எல்லாமே மத்யமமாக இருக்கட்டுமே, நடுவில் ஒரு காந்தாரம் எதற்கு? கூட்டிப் பாருங்கள்: ஐந்து இடைவெளியும் ஐந்து ஐந்து மெட்டாக இருந்தால் மொத்தம் 25. ஈ-இல் தொடங்கி எஃப்-இல் முடியும். ஒரு மெட்டு குறைத்தால் 24, மிகச் சரியாக இரண்டு ஸ்தாயி, ஐயாவும் பேரனும் ஒரே பெயரில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆறு கம்பியையும் சேர்த்து அடிக்கும் கார்டுகளுக்கு (பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும் பிடிகளுக்கு) இது பெரிய வசதி. இப்படி ஒரு நாள் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவு செய்தார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வசதியை வைத்து நாம் பின்னால் சொல்லும் விளக்கம் இது. நிச்சயமாகத் தெரிவது கிட்டாரின் வரலாறு. ஐரோப்பாவில் 1600-களில் புழங்கிய கிட்டாருக்கு ஐந்து ஜோடிக் கம்பிகள். அதிலேயே ஏ டி ஜி பி ஈ வரிசையும் நடுவில் அந்தக் காந்தாரமும் இருந்தன. அடியில் ஈ வந்து சேர்ந்தது 1700-களின் பிற்பகுதியில், 1800 வாக்கில் ஜோடிகள் போய் ஆறு ஒற்றைக் கம்பிகள் நிலைத்தன. ஆக ஐயாதான் வீட்டுக்குக் கடைசியாக வந்தவர், பேரன் அவருக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறான்.

ச ப ச என்று வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வியை நான் கேலி செய்யமாட்டேன், காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு அப்படி யோசிக்காவிட்டால்தான் ஆச்சரியம். காரைக்குடி சகோதரர்கள் என்று புகழ்பெற்ற வீணைக் கலைஞர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர், இளையவர் சாம்பசிவ ஐயர் 1952-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளும் ச, ப, கீழ் ச, கீழ் ப. பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள். ஆனால் அங்கே ராகத்தின் பெரும்பகுதி முதல் தந்தியிலேயே ஓடுகிறது. 24 மெட்டு நீளத்துக்குக் கை போய் வருகிறது, கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். ஆதார சுருதி எப்போதும் கூடவே ஒலிக்க வேண்டும். அந்த இசைக்கு அதுதான் சரியான அமைப்பு. கிட்டாரில் கற்கப்போவது பெரும்பாலும் கார்டு. மூன்று நான்கு சுரங்கள் ஒரே நேரத்தில், பாட்டுக்குப் பாட்டு மாறும் 'ச'வோடு. அதற்கு ஒரே 'ச'வில் கட்டிப்போட்ட கருவி உதவாது. கிட்டாரிலும் டி ஜி டி ஜி பி டி என்று திறந்த கார்டாக வைத்து வாசிக்கிறவர்கள் நிறைய உண்டு, குற்றமே இல்லை. ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம். புத்தகம், வீடியோ, பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தருவது எல்லாமே 362573-ஐ நம்பித்தான் இருக்கின்றன.

டியூனர் இல்லாமல் சேர்க்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள், கரண்ட் போகும், போனில் சார்ஜ் போகும். ஆறாவது கம்பியை எப்படியாவது சரியாக வைத்துவிட்டு அதன் ஐந்தாவது மெட்டை அழுத்தினால் வருவது ஏ, ஐந்தாவது திறந்த கம்பி அதோடு சேர வேண்டும். ஐந்தாவதின் ஐந்தாவது மெட்டு நான்காவது கம்பி. நான்காவதின் ஐந்தாவது மெட்டு மூன்றாவது. மூன்றாவதில் மட்டும் நான்காவது மெட்டு, அதுதான் இரண்டாவது கம்பி. இரண்டாவதின் ஐந்தாவது மெட்டு முதல் கம்பி. இரண்டு கம்பியையும் சேர்த்து மீட்டும்போது ஒலி 'வௌ... வௌ... வௌ' என்று அலையும். தம்பூரா சேர்க்கும்போது கேட்டிருப்பீர்கள். ஒன்று 110-இலும் மற்றது 112-இலும் இருந்தால் நொடிக்கு இரண்டு அலை. நெருங்க நெருங்க அலை மெதுவாகும், சேர்ந்துவிட்டால் நின்றுவிடும். இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தாமல், கொஞ்சம் கூடுதலாகவே இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துங்கள், அப்போதுதான் கம்பி நிலையாக நிற்கும். இந்த முறையில் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு நூல் தவறினாலும் அது சேர்ந்துகொண்டே போகும் என்பதால், கடைசியில் ஆறாவதையும் முதலையும் சேர்த்து மீட்டிச் சரிபார்க்க வேண்டும்.

இதில் பாட்டு கற்றவர்களுக்கு என்று ஒரு பொறி இருக்கிறது. நான் இதில் வருடக்கணக்கில் விழுந்தேன். மூன்றாவது கம்பி ஜி, இரண்டாவது பி. உங்கள் காதுக்கு அது ச–க. நல்ல காது அந்தக் காந்தாரத்தைத் தம்பூராவில் தானாகக் கேட்கும் காந்தாரத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஜி 196 என்றால் அந்தக் காந்தாரம் 245. ஆனால் கிட்டாரின் பி 246.9. கேட்பதற்குக் கொஞ்சம் தூக்கலாக, கூர்மையாக இருக்கும், 'இது சேரவில்லை' என்று கை தானாகக் கீயைத் தேடும். இறக்கினால் ஜி கார்டு தேனாக இருக்கும். உடனே ஈ கார்டைப் போட்டுப் பாருங்கள், அங்கே அதே பி பஞ்சமமாக வருகிறது, இறங்கிய பஞ்சமம் அழும். கிட்டாரின் மெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியவை. எந்தக் கட்டையை 'ச'வாக வைத்தாலும் சமாளிக்க வேண்டும் என்பதற்காக எல்லாக் காந்தாரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மத்யமமும் பஞ்சமமும் கிட்டத்தட்ட தப்பித்துவிட்டன, காந்தாரம்தான் அடி வாங்கியது. குழுவில் சேர்ந்த புதிதில் நான் 'என் காது சரி, டியூனர்தான் தப்பு' என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். காது சரிதான். ஆனால் கிட்டார் அந்தக் காதுக்காகச் செய்யப்பட்டதல்ல. அந்த ஒரு கம்பிக்கு மட்டும் டியூனர் சொல்வதைக் கேளுங்கள்.

அப்புறம், 440-ஐயும் சாமி மாதிரி கும்பிட வேண்டியதில்லை. நான் வகுப்பு எடுப்பது ஒரு பழைய வீட்டின் முன்கட்டில். வீட்டுக்கார ஆச்சியிடம் அவர்கள் மாமனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஆர்மோனியம் இருக்கிறது. நவராத்திரிக்குக் கொலு முன்னால் பிள்ளைகள் பாடும்போது அதைத்தான் வாசிப்பார்கள். அதில் ஆறு கட்டையை அழுத்தினால் டியூனர் 446 காட்டுகிறது. அப்படியே செய்தார்களா, பின்னால் ரீடைச் சுரண்டிச் சரிசெய்தவர்கள் ஏற்றிவிட்டார்களா, இரண்டுக்குமே வாய்ப்பு உண்டு. முதல் வருடம் நான் ஜம்பமாக 440-க்குச் சேர்த்த கிட்டாரோடு போய் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே ஆச்சி வாசிப்பதை நிறுத்திவிட்டு, "தம்பி, ஒங்க பொட்டி எங்க பொட்டியோட சேரலயே" என்றார்கள். ஆர்மோனியத்தை முறுக்க முடியாது, கிட்டாரை முறுக்கலாம். ஆப்பின் தலையில் இருக்கும் 440-ஐத் தொட்டு 446 ஆக்கினேன், ஆறு கம்பியையும் அதற்கு ஏற்றினேன், முடிந்தது. அந்த எண்ணை மாற்ற முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், தெரியாமல் மாற்றியும் விடாதீர்கள். தனியாக வாசிக்கும்போது கம்பிகள் தங்களுக்குள் சேர்ந்திருந்தால் போதும், இன்னொருவரோடு சேரும்போதுதான் உடன்பாடு தேவைப்படுகிறது. 432-தான் இயற்கையான சுருதி, மனதுக்கு மருந்து என்று வாட்சப்பில் சுற்றுவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

உங்கள் ஒன்றரைக் கட்டைக்கும் கம்பியை முறுக்க வேண்டாம். கேப்போ என்று ஒரு கிளிப் விற்கிறது, மெட்டின் குறுக்கே கடித்துக்கொண்டு ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் அழுத்தும். அதை முதல் மெட்டில் போட்டுவிட்டு சி கார்டைப் பிடியுங்கள், ஒன்று ஒன்றரையாகிவிடும். பாடுகிறவருக்கு இரண்டு கட்டை வேண்டுமென்றால் இரண்டாவது மெட்டுக்கு நகர்த்துங்கள்.

இனி கையில் எடுக்கும்போது: புதுக் கம்பி முதல் இரண்டு மூன்று நாள் இளகிக்கொண்டேதான் இருக்கும், திரும்பத் திரும்ப இறங்குவதைப் பார்த்துக் கலங்காதீர்கள். மெல்லிய கம்பியைக் கீயின் தண்டில் மூன்று நான்கு சுற்று வருமாறு மாட்டுங்கள். வெயில் பட்டால் எஃகு நீண்டு சுருதி இறங்கும். ஈரக் காற்றில் பலகை உப்பி ஏறும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் காரின் பின்சீட்டில் மட்டும் கிட்டாரை விட்டுவிடாதீர்கள், சுருதி போனால் சேர்த்துக்கொள்ளலாம், பசை விட்டுக் குதிரை எழும்பினால் செலவு. ஆத்தங்குடிக் கல் பதித்த பெரிய கூடத்தில் உட்கார்ந்து டியூன் செய்தால் எதிரொலியில் ஆப் தடுமாறும். சின்ன அறைக்குப் போங்கள், மற்ற ஐந்து கம்பியையும் கையால் மூடிக்கொண்டு மெதுவாக மீட்டுங்கள். தலையில் கவ்வும் கிளிப் டியூனர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, அது காற்றைக் கேட்காது, மரத்தின் அதிர்வைத்தான் வாங்கும்.

மூன்றாவது கம்பியை மாட்டி, 329.6-இல் நிறுத்தியும் அது அறுந்தால் தப்பு உங்களுடையதல்ல. அறுந்த இடத்தைப் பாருங்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில், குதிரைப் பக்கமோ கீயின் தண்டிலோ அறுந்திருந்தால் அங்கே உலோகத்தில் பிசிறு இருக்கும், 600-ஆம் நம்பர் உப்புத்தாளை மடித்து இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். நடுக்கம்பியில் அறுந்திருந்தால் கிட்டாரை நேரில் பார்க்காமல் நான் எதுவும் சொல்லக்கூடாது. பெட்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி பக்கம் வாருங்கள், பார்த்துவிடலாம்.